தார் பீப்பாய் சைடு கார்

போன வாரம் திருப்பதியிலிருந்து திருச்சானூருக்கு ஷேர் ஆட்டோவில் போனேன். எட்டாவது ஆளாக ஏறினேன். டிரைவருக்குப் பின்னால் ஒரு பலகை, அதற்கு எதிரே இன்னொரு பலகை, கடைசியில் ரோட்டைப் பார்த்தபடி மூன்றாவது பலகை. வண்டியைச் செய்தவன் வந்து பார்த்தால் இது நாம் செய்ததுதானா என்று சந்தேகப்படுவான். "யார் தம்பி பண்ணது?" என்று கேட்டேன். "நேனே சார், இண்ட்லோனே வெல்டிங் சேசினா" என்றான் பெருமையாக. வீட்டிலேயே செய்தானாம். வெயிலில் காய்ந்த இரும்பும் புதுப் பெயிண்டும் கலந்து ஒரு வாசனை வந்தது. நல்லவேளை, அதில் தார் வாசனை இல்லை. இருந்திருந்தால் பாதி வழியில் இறங்கியிருப்பேன்.

தார் வாசனை என்றால் எனக்கு முனிரத்தினம்தான். இரண்டு பேரும் ஒரே ஊர். புத்தூருக்கும் திருத்தணிக்கும் நடுவில் இருக்கிறது. நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, சித்தூரில் ஒரு ஆபீசில் குமாஸ்தா ஆனேன். அவன் சின்ன வயசிலேயே திருப்பதிக்கு மாமன் வீட்டுக்குப் போய்த் தெலுங்கில் படித்தான். பிறகு ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் ஃபிட்டர் ஆனான். பேசும்போது எங்களுக்குள் எந்த வித்தியாசமும் கிடையாது. பாதி தமிழ், பாதி தெலுங்கு, மீதி கெட்ட வார்த்தை. எழுத்து என்று வந்தால் மட்டும் அவன் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான்.

அப்போது ஆந்திரா தனியாகப் பிரிந்து கொஞ்ச வருஷம் ஆகியிருந்தது. எல்லை மட்டும் முடிவாகவில்லை. எந்த ஊர் இந்தப் பக்கம், எந்த ஊர் அந்தப் பக்கம் என்று டீக்கடைக்கு டீக்கடை ஒரு தீர்ப்பு சொல்வார்கள். அந்தக் கலாட்டாவுக்கு நடுவில்தான் எனக்கு மோட்டார் சைக்கிள் ஆசை வந்தது. உலக யுத்தம் முடிந்து மிலிட்டரி கழித்துக் கட்டிய வண்டி ஒன்று, நாலைந்து கை மாறி என்னிடம் வந்தது. வண்டி என்று சொல்வது மரியாதைக்காக. எஞ்சின் ஒரு சாக்கில், மற்றதெல்லாம் இன்னொரு சாக்கில். அதைத் திருப்பதியில் முனிரத்தினத்தின் வீட்டுப் பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டினேன். பார்த்துவிட்டு, "டேய், இது வண்டியாடா, கோழிக்கறியா?" என்றான். ஆனால் அன்றைக்கே உட்கார்ந்துவிட்டான்.

அவன் பெண்டாட்டி சரோஜாவுக்கு நாகலாபுரம். சின்ன வயசில் வந்த காய்ச்சலில் வலது கால் சூம்பிப்போயிருந்தது. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு எல்லா வேலையும் செய்வாள். வெளியே போவதுதான் பாடு. ஒருமுறை அம்மாவைப் பார்க்கக் கிளம்பி, புத்தூர்வரை ரயிலில் போய், அங்கே பஸ் ஏறும்போது கூட்டம் தள்ளிக் கீழே விழுந்துவிட்டாள். ஜனங்கள் பார்க்க, புடவை விலகிக் கிடந்திருக்கிறாள். அதற்கப்புறம் பஸ் என்ற பேச்சையே எடுக்க விடவில்லை. அம்மாவோ மூச்சிரைப்புக்காரி, இங்கே வர முடியாது. இரண்டு பேரும் பார்த்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

எஞ்சின் உயிர் பெற்ற அன்றைக்கு முனிரத்தினம் என்னிடம் கேட்டான். "ஏண்டா, இதுக்கு ஒரு சைடு கார் வெச்சா இன்னா? ஒரு தபா சரோஜாவ அவ அம்மா வூட்டுக்கு இட்டுக்கினு போயிட்டு வந்துடறேன். அப்பாலே கழட்டிக் குடுத்துடறேன்." வண்டி என்னுடையது என்பதால் அப்படிக் கேட்டான். எனக்கு அது அவமானமாகக்கூட இருந்தது. "என்னைக் கேக்கணுமாடா?" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

சைடு கார் என்றால் வாங்கி மாட்டினோம் என்று நினைக்காதீர்கள். ரோடு போடுகிறவர்கள் விட்டுப்போன தார் பீப்பாயை வெட்டி, தட்டி, தகடாக்கினான். பழைய பஸ்ஸின் கம்பிகளில் மணலை அடைத்து நெருப்பில் காட்டி வளைத்து, சட்டம் செய்தான். சீட்டுக்குத் தேங்காய் நார். எவ்வளவு மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் தார் வாசனை போகவில்லை. ஆள் உட்காரும் தொட்டியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, சின்னக் கதவு ஒன்று வைத்தான். சரோஜா யார் கையையும் பிடிக்காமல் ஏறி இறங்க வேண்டும் என்பது அவன் கணக்கு. சக்கரத்துக்குப் பதில் கல்லை முட்டுக் கொடுத்து, கனத்துக்கு இரண்டு மணல் மூட்டையை வைத்து, தொட்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தான். சரோஜா வாசற்படியில் உட்கார்ந்து, "ண்ணா, பாருங்க, ரெண்டு மூட்டைன்னு எட போட்டுக்கினு கீறாரு. நான் ஒரு மூட்டைகூட வர மாட்டேன்" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த நாட்களில்தான்.

பாக்கி இருந்தது இரண்டு. தொட்டிக்கு ஒரு சக்கரம். அப்புறம், சைடு கார் மாட்டிக்கொள்ளலாம் என்று வண்டிப் புத்தகத்தில் ஒரு கையெழுத்து. இரண்டும் என் பொறுப்பு. சக்கரம் சித்தூரில் பழைய இரும்புக் கடையில் கிடைத்துவிட்டது. கையெழுத்துக்குப் போனால், அந்த ஆபீசர் புத்தகத்தில் என் ஊர்ப் பேரைப் பார்த்துவிட்டு, "உங்க ஊரு எந்த ஸ்டேட்டுன்னு எனக்கே தெரியாதய்யா. எல்லை முடியட்டும், வா" என்றார்.

இதைத்தான் நான் முனிரத்தினத்துக்குக் கார்டு போட்டேன். தமிழிலேயே எழுதியிருக்கலாம். எழுத்துக் கூட்டியாவது படித்திருப்பான். ஆனால் நான் அப்போதுதான் ஆபீசில் தெலுங்குப் பரீட்சை பாஸ் செய்திருந்தேன். தலைகால் புரியவில்லை. நண்பனுக்குத் தெலுங்கு எழுத்தில் அழகாக இரண்டு வரி எழுதினேன். 'பண்டி இப்புடு அவசரம் லேது. நேனு தருவாத செப்புதானு.' வண்டிக்கு இப்போது அவசரமில்லை, நான் பிறகு சொல்கிறேன் என்று என் மனசில்.

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. அவசரம் லேது என்றால் தேவையில்லை. நம் அவசரத்துக்கு அவர்கள் தொந்தர என்பார்கள். இது எங்கள் பக்கம் மாடு மேய்ப்பவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பேச்சில் ஒருநாளும் நான் இதில் வழுக்கியதில்லை. பேனாவைப் பிடித்தபோது மட்டும், தமிழில் நினைத்துத் தெலுங்கில் எழுதிவிட்டேன். பரீட்சை பாஸ் செய்த கை.

பத்து நாள் கழித்து முனிரத்தினம் வண்டியை ஓட்டிக்கொண்டு சித்தூருக்கு வந்தான். சைடு கார் இல்லை. டாங்கைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தான். "நல்லா ஓடுதுங்க. ஓட்டிப் பாருங்க" என்றான். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டான். கையெழுத்து வரும்வரை வண்டி என்னிடம் இருக்கட்டும் என்று விட்டுப்போகிறான் போலிருக்கிறது என்று நினைத்தேன். 'டேய்' போய் 'ங்க' வந்ததைக் கவனித்தேன். பரீட்சை பாஸ் செய்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அது எனக்குப் பிடித்தும் இருந்தது. அந்த வண்டியில் மாதக்கணக்கில் சித்தூரைச் சுற்றினேன். வேலை, ஊர்சுற்றல் என்று திருப்பதிப் பக்கம் தலைகாட்டவில்லை. அவனும் எழுதவில்லை. எழுதாமல் இருப்பது எங்களுக்குள் புதிதும் இல்லை.

ஒருவழியாக எல்லை முடிவானது. எங்கள் ஊர் ஆந்திராப் பக்கமே நின்றது. கையெழுத்தும் ஆனது. சக்கரத்தை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு திருப்பதிக்குப் போனேன். நல்ல சேதி சொல்லப் போகிறவன் மாதிரி தெருமுனையிலிருந்தே ஹாரன் அடித்தேன்.

பின்பக்கம் கிணற்றடியில் தொட்டி கிடந்தது. உள்ளே மாட்டுக்குப் போட்ட தவிடும் தண்ணீரும். முனிரத்தினம் சக்கரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நீங்கதான வேணாம்னு எழுதனீங்க" என்றான்.

சரோஜா உள்ளே போய்க் கார்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். என் அழகான எழுத்தை நானே படித்தேன். உனக்கு இப்போது வண்டி தேவையில்லை, பிறகு சொல்கிறேன் என்று வண்டிக்காரன் கைவிரித்த மாதிரிதான் அது இருந்தது. உடனே விளக்க ஆரம்பித்தேன். தமிழில் இப்படி, தெலுங்கில் அப்படி, நான் நினைத்தது இது, கை எழுதியது அது என்று வாய் ஓயாமல் சொன்னேன். "ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமேடா" என்று அவன் மேலும் பாதிப் பழியைத் தள்ளினேன்.

"வண்டி உங்களுது. வேணாம்னு சொன்னவங்கள எப்பிடிக் கேக்கறது?" என்றான்.

சரோஜா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எங்கம்மா பூட்டாங்கண்ணா" என்றாள். "மாசி மாசம். புத்தூர்லேருந்து மாட்டு வண்டி கட்டிக்கினு போனோம். நாங்க போறதுக்குள்ள எடுத்துட்டாங்க." கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "உங்களுக்கு அவசரம் இல்ல. அவங்களுக்கு இருந்திச்சி" என்றாள். அவள் எந்த மொழியில் சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டிலும் அது சரிதான்.

முனிரத்தினம் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவினான். நான் வற்புறுத்தவில்லை, அவனாகத்தான் செய்தான். இரண்டு நாளில் சக்கரம் ஏறியது. மூன்றாம் நாள் காலையில் அவன் ஓட்ட, நான் பின்னால் உட்கார, சரோஜா தொட்டியில் யார் கையையும் பிடிக்காமல் ஏறினாள். நாகலாபுரம்வரை வண்டி ஒரு பக்கமும் இழுக்கவில்லை. அவ்வளவு நேர்த்தியான வேலை.

அம்மா வீடு பூட்டிக் கிடந்தது. முனிரத்தினம் இறங்கிப்போய் அந்தச் சின்னக் கதவைத் திறந்துவிட்டான். சரோஜா இறங்கவில்லை. பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து சாவி கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். "வேணாம்க்கா" என்றாள். பிறகு எங்களிடம், "போலாம்" என்றாள்.

சொன்னபடியே மறுநாள் சைடு காரைக் கழற்றி வண்டியை என்னிடம் கொடுத்துவிட்டான். நான் எவ்வளவு சொல்லியும் வைத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகும் கல்யாணம் காட்சிகளில் பார்ப்போம். "வாங்க, நல்லா கீறீங்களா" என்று கேட்பான். அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது லாட்ஜ். முனிரத்தினம் போய்விட்டான், சரோஜாவும் போய்விட்டாள். வண்டியை எப்போதோ எவனுக்கோ கொடுத்துவிட்டேன். அன்றைக்குக் கிணற்றடியில் நின்று அவ்வளவு நேரம் வார்த்தைக்கு அர்த்தம் சொன்னேனே, தப்பு என்னுடையதம்மா என்று சரோஜாவிடம் ஒரு வரி சொல்லவில்லை. தமிழிலும் சொல்லவில்லை, தெலுங்கிலும் சொல்லவில்லை.