இருபதாவது தலை

என் பெரியம்மா உயிர் போன நேரத்தில் ஏரியில் மண் வெட்டிக்கொண்டிருந்தாள் என்று கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கிறது. சும்மா சொல்லவில்லை, படமும் இருக்கிறது. பின்வரிசையில் கடைசி ஆளாக, புடவைமேல் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் சுற்றிய துண்டைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்து நிற்கிறாளே, அவள்தான் பெரியம்மா. அதாவது நான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

எங்கள் ஊர் கல்வராயன் மலையின் அடியில் இருக்கிறது. வெள்ளிமலைக்கு ஏறுகிற ஜீப்புகள் எங்கள் முக்கில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போகும். மலை மறைப்பதால் டவர் என்பது எங்களுக்கு அரசியல்வாதி மாதிரி, எப்போதாவது வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகும். பேசுவதற்கு எப்படியோ ஒரு கோடு சிக்னல் கிடைத்துவிடும். நெட் வேண்டுமென்றால் ஏரிக்கரை மேல் ஏறி மதகுப் பக்கம் போய் நிற்க வேண்டும்.

அம்மா பத்தாவது பாஸ் செய்தவள். அந்தத் தகுதியில் நூறு நாள் வேலைக்கு வரும் இருபது பேருக்கு அவளைப் பொறுப்பாளராகப் போட்டிருந்தார்கள். முன்பெல்லாம் ஒரு நோட்டு இருந்தது. வராத ஆளுக்கும் அதில் கையெழுத்து விழும். அதை ஒழிப்பதற்காக ஒரு ஆப் வந்தது. காலையில் வந்தவர்களின் பெயரை அதில் டிக் அடித்து, எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். நாலு மணி நேரம் கழித்து இன்னொரு படம். நோட்டு பொய் சொல்லும், படம் பொய் சொல்லாது என்று யாரோ எங்கேயோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அவர்கள் எங்கள் ஊர்ப் பெண்களைப் பார்த்ததில்லை.

அந்த வேலைக்காக அம்மா வாங்கிய டச் போனால் எங்கள் வீட்டுக்கு மரியாதை கூடியது என்பதையும் சொல்ல வேண்டும். மரவள்ளி என்ன விலை போகிறது என்று அதில் பார்த்துச் சொல்வாள். யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும், யாரைப் பாம்பு கடித்தாலும், ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லிக் கூப்பிட அம்மாவைத்தான் தேடி வருவார்கள். இரண்டு பிள்ளைகள் அந்தப் போனால் உயிரோடு பிறந்தன என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

பெரியம்மா அம்மாவின் கூடப் பிறந்தவள். அக்கா தங்கை இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டதால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். பெரியப்பா போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரே மகன், எனக்கு அண்ணன், சென்னைப் பக்கம் ஒரு கார் கம்பெனியில் இருந்தான். தினமும் மத்தியானம் கேன்டீனில் சாப்பிடும்போது பெரியம்மாவின் பட்டன் போனுக்குக் கூப்பிடுவான். இன்னா கொழம்பு என்று இவள் கேட்பாள், அவன் சொல்வான், உப்பு இருந்துச்சா என்று அடுத்து கேட்பாள். இதற்குமேல் அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு நாள் கூடத் தவறியதில்லை.

அன்று சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. அப்பா வெளியூருக்குக் கூலி வேலைக்குப் போயிருந்தார். காலையிலேயே பெரியம்மா நெஞ்சைத் தடவிக்கொண்டு படுத்திருந்தாள்.

“நெஞ்சக் கரிக்குது. நேத்து தின்ன மொச்சக்கொட்ட இன்னும் உள்ள சண்ட போட்டுக்கினு கீது” என்றாள்.

அம்மா ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டு, ஏரிக்குக் கிளம்பும்போது என்னிடம் சொன்னாள்: “பெரிம்மா கிட்டயே குந்தினு இரு. வலி ஜாஸ்தியாச்சின்னா ஓடியாந்து சொல்லு, நான் ஆம்புலன்ஸுக்கு போன் போடறன்.”

அரைமணி நேரம் கூட ஆகியிருக்காது. ஏரி வேலைக்குப் போன பக்கத்து வீட்டு அக்கா மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

“பாப்பா, ஒங்கம்மா உன்ன வரச் சொல்லுச்சி. ஒரு தல கம்மியாவுதாம்.”

நடந்தது இதுதான். ஆப்பில் டிக் அடிக்கும்போது அம்மா வழக்கம்போல முதலில் அக்கா பெயரைத் தட்டிவிட்டாள். ஒரு நாளும் வேலைக்கு வராமல் இருந்ததில்லையே, விரல் தானாகப் போய்விட்டது. மற்றவர்களையும் தட்டி முடித்து அனுப்பிய பிறகுதான் உறைத்தது. பெயர் இருபது, ஏரியில் நிற்கிற தலை பத்தொன்பது. தட்டியதைத் திருப்பி எடுக்க அம்மாவுக்குத் தெரியவில்லை. போன வாரம்தான் மேலே இருந்து வந்த அதிகாரி ஒருவர், படத்தில் ஒரு தலை குறைந்தாலும் பொறுப்பாளரைத் தூக்கிவிடுவேன் என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எம்பேருக்கு நீ நிக்கப் போறியா? என் சொக்காய எடுத்து மாட்டிக்க. குனிஞ்சே நில்லு, எனக்கு உன்ன மாதிரி நெட்டக் கழுத்து இல்ல” என்றாள். எழுந்து உட்கார்ந்து அவளே பட்டன் போட்டுவிட்டாள். கடைசிப் பட்டனுக்கு வரும்போது நிறுத்திவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அவள் கை வேர்த்துச் சில்லென்று இருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. சட்டை முழங்கால் வரைக்கும் தொங்குகிறதே என்பதுதான் என் கவலை.

ஏரியில் எனக்குக் கிடைத்த வரவேற்பை மறக்க முடியாது. “இன்னாக்கா, ஒரே ராத்திரியில இப்பிடி எளைச்சிட்ட?” என்று ஒருத்தி கேட்டாள். “பல்லு புதுசா மொளைச்சிக்கீதே” என்றாள் இன்னொருத்தி. அம்மாவே சிரித்தாள். ஒருத்தி தன் பழைய புடவையை என் பாவாடைமேல் சுற்றிவிட்டாள். பெரியம்மா மாதிரியே இடுப்பில் கை வைத்து நான் நடந்து காட்டினேன். இத்தனை பேர் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுவே முதல் தடவை, எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மா ஆப்பில் படம் எடுத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று தன் போனுக்குத் தனியாகவும் ஒன்று எடுத்துக்கொண்டாள். பிறகு அனுப்பினாள். போகவில்லை. போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி கரைமேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தாள்.

“போச்சா?”

“சுத்துது.”

ஆப் திரும்ப எடுக்கச் சொன்னாலும் சொல்லும் என்பதால் நாங்கள் வரிசை கலையாமல் வெயிலில் நின்றோம். ஊரில் யார் உயிருக்கு ஆபத்து வந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிற போன் அது. அன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் மதகின்மேல் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் படம் போனபோது எல்லோரும் கை தட்டினார்கள். நான் சட்டையைக் கூடக் கழற்றாமல் வீட்டுக்கு ஓடினேன்.

பெரியம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். “பெரிம்மா, போட்டோ போயிடுச்சி” என்று தோளை உலுக்கினேன். தலை மட்டும் அசைந்தது.

அம்மாவைக் கூட்டி வந்தேன். கூடவே மூன்று பெண்கள் வந்தார்கள். அம்மா மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். அலறப்போகிறாள் என்று நினைத்தேன். வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டாள். கையை எடுத்ததும் முதலில் வந்த வார்த்தை, “போட்டோ போயிடுச்சே” என்பதுதான். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவளை வெறுத்த வருஷங்கள் உண்டு.

“செத்தவ பேருக்கு ஆள நிக்க வெச்சன்னு உன்னப் புடிச்சி உள்ள போட்டுருவாங்க” என்றாள் ஒருத்தி. “எங்களுக்கும் வேல போயிடும்” என்றாள் மற்றவள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். நின்ற இடத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள். பெரியம்மா காலையில் வேலைக்கு வந்தாள், படத்துக்கு நின்றாள், நெஞ்சு வலிக்கிறது என்று வீட்டுக்கு வந்து படுத்தாள், படத்துக்கும் சாவுக்கும் நடுவில் நேரம் இருக்க வேண்டும் என்பதால் சாயந்திரம் எல்லோரும் வேலை முடித்துத் திரும்பிய பிறகு போய்ச் சேர்ந்தாள். அம்மா அக்காவின் கண்ணை மூடி, கைகாலை நேராக நீட்டிவிட்டு, போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்தினாள். மத்தியானப் படத்துக்கு நேரமாகிறது என்று போனை எடுத்துக்கொண்டாள்.

“வாசப்படியில குந்து. யார் கேட்டாலும் பெரிம்மா தூங்குதுன்னு சொல்லு” என்றாள். நான் போய் வாசப்படியில் உட்கார்ந்தேன்.

ஒரு மணி வாக்கில் உள்ளே பட்டன் போன் அடித்தது. எடுக்காவிட்டால் அண்ணன் ஊரில் எல்லோருக்கும் போடுவான். எடுத்தேன்.

“அம்மா எங்க பாப்பா?”

“தூங்குதுண்ணா.”

“இந்நேரத்துலயா? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?”

“இல்லண்ணா. வெயில்ல வேல செஞ்சிச்சில்ல, அதான்.”

கேன்டீனில் தட்டுகளைப் போடுகிற சத்தம் கேட்டது. “சரி, எழுப்பாத. தூங்கட்டும். நைட்டு பேசறன்” என்று வைத்துவிட்டான். அன்றைக்கு என்ன குழம்பு என்று யாரும் கேட்கவில்லை.

ஐந்து மணிக்கு மேல்தான் எங்கள் வீட்டில் அழுகைச் சத்தம் எழுந்தது. அம்மா பகல் முழுக்க அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வெளியே வர, அவள் மண்ணில் புரண்டதைப் பார்த்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் கூட அழுதார்கள். அது நடிப்பில்லை. அண்ணன் உளுந்தூர்பேட்டையில் இறங்கி, கிடைத்த லாரியைப் பிடித்து விடியும்போது வந்து சேர்ந்தான். குளிப்பாட்டின பெண்களுக்கு உடம்பு எத்தனை நேரத்துக்கு முன்பே விறைத்துப் போயிருந்தது என்பது தெரிந்திருக்கும். அவர்களும் படத்தில் நின்றவர்கள்தான்.

இப்போது நான் கள்ளக்குறிச்சியில் காலேஜுக்குப் போகிறேன். அண்ணன் கல்யாணம் ஆகிச் சென்னைப் பக்கமே இருக்கிறான். தன் அம்மாவின் கடைசிப் படம் வேண்டும் என்று அவன் கெஞ்சியபோது, என் அம்மா தன் போனில் இருந்ததைக் கொடுத்தாள். வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை. அவன் கடைசித் தலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறான். அவன் வீட்டுக்குப் போனால் என் படத்துக்கு மாலை போட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டுதான் நான் சாப்பிட வேண்டும். எங்கள் வீட்டுக்கு அவன் போன் செய்யும்போது, யாராவது தூங்குகிறார்கள் என்று சொல்லிவிட்டால் போதும், குரல் மாறிவிடும். எழுப்பு, இப்பவே எழுப்பு என்று கத்துவான். எழுந்து வந்து ஒரு வார்த்தை பேசினால்தான் வைப்பான். அப்பா கூட, இவனுக்கு இது ஒரு வியாதி என்று அலுத்துக்கொள்வார். அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். சொன்னால் அவன் மனதில் இருக்கிற பாரம் இறங்கும். ஆனால் அதன் பிறகு அவனுக்குச் சித்தி என்று ஒருத்தி இருக்க மாட்டாள், சுவரில் அந்தப் படமும் இருக்காது. இப்படிக் கணக்குப் பார்த்துப் பார்த்தே இத்தனை நாள் போய்விட்டது. உண்மையைச் சொன்னால், எனக்குப் பயம்.

பெரியம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தபோது, அண்ணன் என்னை மோட்டார் கொட்டகைப் பக்கம் தனியாகக் கூட்டிப்போனான். மொட்டையடித்த தலையில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. என் உயரத்துக்குக் குனிந்து, மெதுவாகத்தான் கேட்டான்.

“அன்னிக்கி நான் எழுப்பச் சொல்லியிருந்தா, அம்மா எழுந்திருக்குமா பாப்பா?”

அம்மா சொல்லிக்கொடுத்ததை நான் மறக்கவில்லை. அதோடு, அவனுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றும் தோன்றியது.

“எழுந்திருக்கும்ண்ணா. உன் பேரச் சொன்னா ஒடனே எழுந்துரும்” என்றேன்.

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓடி வரும்படி அழுதான். பெரியம்மா செத்துப்போனதற்காக அழுகிறான் என்றுதான் நான் நினைத்தேன்.