அந்த இரண்டு மீட்டர்

அம்மாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தப்புகளுக்குப் பெயர் வைத்தது. அம்மா விடைத்தாளைப் படிப்பார். மென்பொருள் எழுதும் மகள் கணினியில் ஏற்றுவாள். கணக்குச் சொல்லித்தரப் போகும் செயற்கை நுண்ணறிவுக்கு, பிள்ளைகள் எங்கே, ஏன் தவறுகிறார்கள் என்று கற்றுக்கொடுப்பதுதான் அம்மாவின் ஆராய்ச்சி.

அன்று ஒரு தாளில் வண்டி நின்றுவிட்டது. எட்டு மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலத்தில் ஒரு தோட்டம். சுற்றிலும் வேலி போட எத்தனை மீட்டர் கம்பி வேண்டும்? விடை இருபத்தாறு. நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இருபத்து நான்கு என்று எழுதியிருந்தாள். ‘கூட்டல் பிழை’ என்றது இயந்திரம்.

“மத்த ஒன்பது கணக்கையும் சரியா கூட்டினவ, இதுல மட்டும் சறுக்குவாளா?”

“அம்மா, மூவாயிரம் தாள் இருக்கு. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்.”

“பிள்ளைங்க சோறில்லடி. உன் மெஷினுக்கு வாய் காது வரைக்கும் இருக்கு, காதைத்தான் காணோம்.”

“சரி, என்ன போடட்டும்?”

“ஒண்ணும் போடாதே. வியாழக்கிழமை போய் அவளையே கேக்குறேன்.”

இருபது வருடம் பள்ளியில் கணக்கு நடத்திவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர் அம்மா. மகள் அறுபது மதிப்பெண்ணோடு வீட்டுக்கு வந்த நாளில் திட்டவில்லை. “போன நாப்பதைக் கொண்டா, என்ன யோசிச்சேன்னு பாப்போம்” என்றார். பள்ளிகளுக்குப் போனால் சின்ன நாற்காலியில் முழங்கால் முட்ட உட்கார்ந்து, “இதை எனக்குச் சொல்லிக் குடு” என்பார். தப்பு என்று சொல்ல மாட்டார். கைப்பையில் சிவப்புப் பேனா இருந்ததே இல்லை.

புதன்கிழமை காலை குளியலறையில் விழுந்தார். மாலைக்குள் எல்லாம் முடிந்தது.

மூன்று வாரம் கழித்து ஆய்வுக்குழு மேலாளர் மகளைப் போனில் கூப்பிட்டார். “ஒரு தாள் மட்டும் காலியா இருக்கு மேடம். மெஷின் சொன்னதையே போட்டுடலாமா?”

போட்டுவிட்டால், இனி இருபத்து நான்கு என்று எழுதும் எந்தப் பிள்ளைக்கும் அந்த இயந்திரம் கூட்டல்தான் நடத்தும்.

“வேணாம் சார். இன்னும் கேக்கல.”

“யாரை?”

“எழுதினவளை.”

போனை வைத்துவிட்டு மகள் ஒரு செவ்வகம் வரைந்தாள். எட்டு, ஐந்து, எட்டு, ஐந்து. எப்படிக் கூட்டினாலும் இருபத்து நான்கு வரவில்லை. அம்மாவின் கைப்பை இன்னும் நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே அந்தத் தாளின் நகல். மூலையில் பென்சிலில் எழுதியிருந்தார்:

‘வியாழன், மதிய இடைவேளை. அந்த ரெண்டு மீட்டரை எங்கே விட்டாள்? வாசலுக்கா? கேட்க வேண்டும்.’