எட்டாவது வரி

விசில் சத்தம் கேட்டால் நான் இன்றைக்கும் காதைப் பொத்திக்கொள்வேன். கண்டியில் நான் வேலை பார்த்த காப்புறுதி அலுவலகத்தில் முகாமையாளர் காலை எட்டரைக்கு விசில் ஊதுவார். உடனே நாங்கள் பாலிசி விற்கத் தொலைபேசியை எடுக்க வேண்டும். விளையாட்டு வீரர்களிடமிருந்து வியாபாரம் கற்கிறோமாம்! விற்பனையில் முதல் மூன்று பேரின் படம் சுவரில் தொங்கும். கடைசி ஆளின் பெயர் சிவப்பு மையில்.

இந்தக் கூத்துக்காக, ஓட்ட வீரர்களைப் பழக்கிய ஒரு பயிற்சியாளரை அதிகாரிகளிடம் பேச அழைத்திருந்தார்கள். நல்ல மனிதர். சிங்களத்தில் எட்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் தமிழ்ப் பிரிவுக்காக அதை மொழிபெயர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. எட்டாவது வரி: 'ஓய்வும் பயிற்சிதான், காயத்தோடு யாரையும் ஓடவிடாதீர்கள்.'

முகாமையாளர் யாழ்ப்பாணத்துக்காரர். "உந்தக் கடைசி வரியை எடுத்துவிடும். பிறகு சனம் லீவு கேட்டு வந்து நிக்கும்" என்றார். எடுத்துவிட்டேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

பக்கத்துக் கதிரையில் நாவலப்பிட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண். பேசிப் பேசித் தொண்டை புண்ணாகியிருந்தது. இரண்டு கிழமை வாயே திறக்கக் கூடாது, திறந்தால் குரல் திரும்பாமலே போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். லீவு கிடைக்கவில்லை. நான் மொழிபெயர்த்துச் சுவரில் ஒட்டிய தாளைப் படித்துவிட்டுக் கரகரத்த குரலில் கேட்டாள்:

"ஓய்வப் பத்தி இத எழுதின சேர் ஒண்ணுமே சொல்லலயா அண்ணே? சொல்லியிருந்தா அதக் காட்டி லீவு கேப்பேன்."

"இல்ல தங்கச்சி" என்றேன். என் தண்ணீர்ப் போத்தலை அவள் பக்கம் நகர்த்தினேன். என்னுடைய அந்தக் கரிசனைதான் எல்லாவற்றையும் விட அருவருப்பானது.

மாதக் கடைசியில் பதக்கம் போட அதே பயிற்சியாளர் வந்தார். விடாமுயற்சிக்கான பதக்கம் அவளுக்கு. கழுத்தில் போட்டபடி ஏதோ விசாரித்தார். அவள் வாயைத் திறந்தாள்; காற்றுதான் வந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

"இந்த நிலைமையில் ஏன் வேலை செய்கிறாய்? நான் எழுதிக் கொடுத்ததைப் படிக்கவில்லையா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

அவள் சுவரில் இருந்த தாளைக் காட்டினாள். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வரிகளை விரலால் எண்ணினார். ஏழுதான் இருந்தது. எட்டாவது எங்கே என்றார்.

முகாமையாளர் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவள் என்னையே பார்த்தாள். என் தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.