கடைக்குட்டியின் டிசம்பர்

மகளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கான துணிகளைத் தேய்த்து மடித்துக்கொண்டிருந்தாள் கடைக்குட்டி. மாப்பிள்ளை எடுத்த பிறகும் அவளை அந்தப் பெயர் விட்டபாடில்லை. டிசம்பர் கடைசியில் பிறந்தவள் என்பதால், பிறந்த வருஷத்தை வைத்து ஆள் பிரிக்கும் வாலிபாலில் எந்த வயதுப் பிரிவில் ஆடினாலும் அவள்தான் சின்னவள். ஜனவரியில் பிறந்தவர்கள் ஒரு வருஷச் சோறு கூடுதலாகச் சாப்பிட்டு, அவளைவிட ஒரு தலை உயரமாக நிற்பார்கள். இன்னும் நாலு நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று அம்மாவிடம் அழுவாள்.

"நான் பொறுத்தேன், நீதான்டி பொறுக்கல" என்பாள் அம்மா.

வலைக்கு மேலே கை எட்டாததால், நெட்டைச்சிகள் அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. பந்து ஒரு சாண் விலகினால் வசவு. வசவு வாங்கி வாங்கியே விரல்கள் பழகின. பிறகு எல்லோரும் வளர்ந்து சமமானபோது, உயரத்தையே நம்பியிருந்த பலர் ஆட்டத்தை விட்டார்கள். இவளுக்குத் துணி ஆலையின் அணியில் இடமும் தையல் பிரிவில் வேலையும் கிடைத்தன. அந்தச் சம்பளத்தில்தான் மகளை ஆளாக்கினாள். திட்டினவர்கள் எங்கிருந்தாலும் நன்றாயிருக்கட்டும் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வாள்.

மகளுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, தள்ளிப்போடாமல் இன்றே சேர்த்துவிடுங்கள், பிள்ளையை எடுத்துவிடலாம் என்று காலையில் டாக்டர் சொல்லியிருந்தார். வருஷம் முடிய மூன்று நாள் இருந்தது. பள்ளியில் கால்பந்து சொல்லிக்கொடுக்கும் மருமகனுக்கு அதுதான் கவலை. தன் அணியில் பாதிக்கு மேல் வருஷ ஆரம்பத்தில் பிறந்தவர்கள் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லுவான்.

"மூணே நாள்தான் அத்தை. மாத்திரை போட்டுச் சமாளிக்க முடியாதா? டிசம்பர்ல பொறந்தா பெஞ்சுதான்."

கால் வீங்கிக் கட்டிலில் கிடந்த மகள் சிரித்தாள். "பொறக்கறதுக்கு முன்னாடியே உக்கார வெச்சுட்டீங்களா?"

கடைக்குட்டிக்குச் சிரிப்பு வரவில்லை. வீக்கம் காலையில் பார்த்ததைவிடக் கூடியிருந்தது.

"எனக்கு எம்பொண்ணு வேணும் மாப்பிள்ளை. ஆட்டமெல்லாம் அப்புறம். வண்டிக்குச் சொல்லுங்க."

மருமகன் தலையைக் குனிந்துகொண்டு போன் செய்தான். வண்டி வந்துகொண்டிருக்கிறது என்று சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"ஜனவரியில பொறந்திருந்தா நீங்க எங்கேயோ போயிருப்பீங்க அத்தை. ஒரு நாளும் தோணினதில்லையா?"

கடைக்குட்டி மகளின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். செருப்பைக் காலாலேயே அவள் பக்கம் தள்ளிவிட்டாள். மாட்டிக்கொள்ளும்வரை பிடித்துக்கொண்டு நின்று, மெல்ல நடத்திக்கொண்டு அறையை விட்டு வெளியே போனாள்.