ஏரிக்குப் போன நிறைகுடம்

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வாயால் வடை சுடுவதில் பேர் போனவர். அரியலூரில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் தயாரித்துக்கொண்டிருந்தார். நம் ஏரியைப் படம் எடுக்கச் சென்னையிலிருந்து தன் சிநேகிதர் வருகிறார் என்று அவர் சொன்னபோது, அம்மா அடுப்பை விட்டுத் திரும்பக்கூட இல்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சிநேகிதர் நிஜமாகவே வந்து இறங்கிவிட்டார், கழுத்தில் இரண்டு காமிராவோடு.

எங்கள் ஊர் கீழப்பழுவூர்ப் பக்கம். சுண்ணாம்புக்கல் குழிகள் வந்தபின் ஏரிக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் தூர்ந்துவிட்டது. எனக்கு விவரம் தெரிந்த நாளாக ஏரி என்றால் வெடித்த மண்தான். லாரிப் புழுதி படிந்த கரைப் புளியமரங்கள் மாவில் புரட்டி எடுத்ததுபோல் நிற்கும். எங்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை, கிரிக்கெட் ஆட அதைவிட நல்ல இடம் ஏது? குடிதண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் டிராக்டரில் வரும்.

படங்களைப் பெரிதாக்கி டவுனில் வைத்தால் ஆபீசர்கள் பார்ப்பார்கள், வாய்க்காலை வெட்டிவிடுவார்கள் என்பது மாமாவின் கணக்கு. என் கவலை வேறு. படத்தில் நான் இருக்க வேண்டும். திருவிழாவுக்கு எடுத்த மயில்கழுத்துப் பாவாடையைக் கட்டிக்கொண்டு காலையிலிருந்தே காமிராக்காரர் பின்னால் அலைந்தேன். கடைசியில் அவர் கண்ணில் பட்டேன். காலிக் குடம் ஒன்றை என் இடுப்பில் கொடுத்து ஏரி நடுவே நிறுத்தினார்.

"மூஞ்சிய கொஞ்சம் சோகமா வெச்சுக்கம்மா" என்றார் மாமா. எனக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அம்மா கரையிலிருந்து பார்த்துவிட்டாள்.

"ஏன்டா, ஒனக்குக் கூறு இருக்கா? பொம்பளப் புள்ள கையில வெறுங்கொடத்தக் குடுத்து நிக்க வெக்கிறியே!"

"அக்கா, தண்ணி இல்லன்னு காட்டத்தானக்கா அவரு வந்திருக்காரு!"

"அத மண்ணக் காட்டிக் காமிக்கச் சொல்லு. எம்புள்ள வெறுங்கொடத்தோட எந்தச் செவுத்துலயும் தொங்க வேணாம்."

சொன்னவள் காலிக் குடத்தைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது குடம் தளும்பியது. குடத்தின் கழுத்தில் மஞ்சள், வாயில் புழுதி போகக் கழுவிய மாவிலைக் கொத்து. அதை என் இடுப்பில் வைத்து, விழாமல் ஒரு கையால் தாங்கிக்கொண்டாள். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். காமிராக்காரர் மரியாதைக்கு ஒரு படம் எடுத்தார். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஆச்சுங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டு அம்மா குடத்தைத் தன் இடுப்புக்கு மாற்றினாள். மாவிலையை எடுத்துவிட்டு, குடத்தின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, வெடிப்பில் கால் சிக்காமல் அடிமேல் அடி வைத்து வீட்டைப் பார்த்து நடந்தாள். காமிராக்காரருக்கு என்ன வந்ததோ, அவள் பின்னால் ஓடினார், மண்டியிட்டார், எடுத்துக்கொண்டே இருந்தார். புதுப்பாவாடையோடு நான் பக்கத்திலேயே நிற்க, அம்மாவின் முதுகை ஏன் எடுக்கிறார்? எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று சாயந்திரம் சோற்றில் மாவிலை வாடை அடிக்கிறது என்று தட்டை வேறு தள்ளிவிட்டேன்.

கொஞ்ச காலம் கழித்து அரியலூரில் அந்தப் படத்தைக் கதவு அளவுக்கு வைத்திருந்தார்கள். அம்மாவின் முதுகும் குடமும் வெடித்த மண்ணும் தூரத்தில் எங்கள் வீடும். ஓரத்தில் என் பாவாடை முனை மட்டும். அம்மாவுக்கு, ரவிக்கையின் கிழிசல் தெரிகிறதே என்று மானம் போனது. பார்க்க வந்த ஆபீசரம்மா மாமாவிடம், "இந்தக் காஞ்ச ஏரியில ஏது ஒரு குடம் தண்ணி?" என்று கேட்டார்.

"ஏரித் தண்ணி இல்லீங்க மேடம். வூட்டுத் தண்ணி. ஏரிக்குக் கொண்டாந்துட்டுத் திருப்பி எடுத்துட்டுப் போறாங்க."

அந்த அம்மாள் படத்தின் அருகே போய்க் குடத்தை உற்றுப் பார்த்தார், எங்கள் ஊர்ப் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார். மாமா ஏதோ தப்பாகச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

வாய்க்காலை வெட்டினார்கள். இப்போது கார்த்திகையில் ஏரியில் பாதிக்காவது தண்ணீர் நிற்கிறது, நாரையும் வருகிறது. கிரிக்கெட் போனதில் மட்டும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வருத்தம்.

காமிரா பார்க்கிறது என்றுதான் அம்மா அன்று அத்தனை மெதுவாக நடந்தாள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். டிராக்டர் மறுநாள்தான் வரும். வீட்டில் இருந்ததே அந்த ஒரு குடம் தண்ணீர்தான்.