ஆறு வரைக்கும் வாய்விட்டு

தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். பால் சொசைட்டி வேன் ஓட்டும் கணேசன், வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு வரப்பில் இறங்கி வந்தான். ஹாரன் அடித்தே கூப்பிட்டுப் பழகியவன் அன்று நடந்து வந்தான். "நாச்சிமுத்தண்ணன் போய்ட்டாருங்க. காப்பி குடிச்சுட்டுச் சாஞ்சவரு எந்திரிக்கவே இல்லீங்களாம்," என்றான். நான் மண்வெட்டியைக் கீழே போடவில்லை. மடையைத் திருப்பி அடுத்த பாத்திக்குத் தண்ணீர் விட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் விளங்கவில்லை.

மீனாட்சிபுரத்தில் அவனோடு வடம் பிடித்தவர்களுக்காகவும், புளியமரத்தடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இறந்தவரை ‘அவர்’ என்று எழுதுவதுதான் முறை. பள்ளிக்கூட நாளிலிருந்து மாப்ள என்றே கூப்பிட்ட எனக்கு அப்படி எழுதக் கை வரவில்லை, மன்னிக்கவும்.

நாச்சிமுத்து பட்டாளத்தில் சில வருடங்கள் இருந்தான். முழங்காலில் அடிபட்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதில் ஊர் திரும்பி, பால் சொசைட்டியில் வேலைக்குச் சேர்ந்தான். நான் அப்போது எங்கள் ஊர் வடம்வலி அணிக்குத் தலைவன். ஓணத்துக்கு நடக்கும் கயிறு இழுக்கும் போட்டியைத்தான் பாலக்காட்டை ஒட்டிய எங்கள் பக்கத்தில் வடம்வலி என்பார்கள். ஜெயித்தால் ஒரு கிடாயும் ஒரு நேந்திர வாழைக்குலையும் பரிசு. வருடா வருடம் அவை வாளையாறு லாரிகளில் மூட்டை தூக்கும் ஆட்களோடு போய்விடும். நாங்களும் மூட்டை சுமந்து பார்த்தோம், உழவுக்காட்டில் ஓடிப் பார்த்தோம், முட்டையாகத் தின்று தீர்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் எங்கள் பயிற்சியைப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்: "வடம் நகர்றப்ப யாரும் ஜெயிக்கறதில்ல மாப்ள. ரண்டு பக்கமும் இழுத்து, நகராம நிக்குது பாரு, அங்கதான் ஜெயிக்கறாங்க. நீங்க நிக்கறதுக்குப் பழகவே இல்லியே."

மறுநாள் வடத்தின் ஒரு முனையைப் புளியமரத்தில் கட்டினான். போட்டியில் எப்படி முழங்காலை மடித்துச் சாய்வோமோ, அப்படியே சாய்ந்து மரத்தை இழுக்கச் சொன்னான். ஆறு எண்ணும் வரைக்கும் முழுப் பலம். பிறகு விட்டுவிட்டு ஓய்வு. மறுபடி ஆறு. பட்டாளத்தில் ஒரு பயிற்சியாளர் கற்றுக்கொடுத்ததாம், ஐசோமெட்ரிக் என்று பெயராம். நகராத ஒன்றைப் பிடித்துப் போராடுவது, அவ்வளவுதான். மழை நாளில் சொசைட்டிச் சுவரில் முதுகை ஒட்டி, நாற்காலி இல்லாமல் உட்காரவைப்பான். தொடை நடுங்கும். "எந்த மடிப்புல நிக்கறயோ அந்த மடிப்புலதான் பலம் வரும். ஏமாத்தி நிமுந்தா மரத்துக்கு ஒண்ணும் நட்டமில்ல," என்பான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவன் பிடிவாதக்காரன். ஆறையும் வாய்விட்டு எண்ண வேண்டும். எல்லோரும், சத்தமாக. "எண்ணறவன் மூச்சப் புடிக்க முடியாது. மூச்சப் புடிச்சுட்டு முக்குனா ரத்தம் தலைக்கு ஏறும்," என்பது அவன் கணக்கு. கள்ளுக்கடைக்குப் போகிறவர்கள் எங்கள் எதிரிலேயே நின்று எங்களோடு சேர்ந்து எண்ணுவார்கள். "ஏனுங்க, ஒண்ணாப்பு பாடமுங்களா? மரம் எந்தப் பக்கமுங்க சாஞ்சிருக்குது?" என்று கேட்பார்கள். அவனுக்கு அது உறைக்கவே உறைக்காது. எனக்குக் காது வரைக்கும் சூடாகும். ஆனால் இரண்டு வருடத்தில் எங்கள் ஆட்கள் பாறை மாதிரி நிற்கக் கற்றுக்கொண்டார்கள். முதல்முறையாக இறுதிப் போட்டிக்குப் போனோம், அதில் தோற்றோம்.

எழுபத்து மூன்றாம் வருட ஓணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, சொசைட்டி வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். தலைசுற்றல் என்று பக்கத்துச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டியிருக்கிறான். ரத்த அழுத்தம் மிகவும் அதிகம், இனிமேல் மூச்சுப் பிடித்து எந்த வேலையும் செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நாந்தான் வடம் புடிக்கறதில்லியே, சொல்லித்தானே குடுக்கறேன். ஊட்ல தெரிஞ்சா ராமாத்தா பயந்துக்குவா. உன்னோட இருக்கட்டும்," என்றான். சரி என்றேன்.

அந்த ஓணத்தில் மீண்டும் இறுதிப் போட்டி, மீண்டும் அதே லாரி ஆட்கள். எங்கள் கடைசி ஆள், அதாவது வடத்தின் முனையை உடம்பில் சுற்றிக்கொண்டு நிற்கிறவர், அரையிறுதியில் கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட்டார். அவர் இடத்தில் நிற்க அந்த நிற்பு தெரிந்த ஒருவன் வேண்டும். வடம் பிடிக்காமல் மைதானத்தில் நின்றவர்களில் அப்படி ஒருவன்தான் இருந்தான். அவனாக வரவில்லை. இதைத் தெளிவாக எழுத வேண்டும். நான்தான் கேட்டேன். "மாப்ள, நீ கடைசியில நிக்கறயா?"

அவன் என்னை ஒரு கணம் பார்த்தான். "எண்ணீட்டே நின்னா ஒண்ணும் ஆகாது," என்று சட்டையைக் கழற்றினான்.

மூன்று இழுப்பில் இரண்டு ஜெயிக்க வேண்டும். முதல் இழுப்பில் தோற்றோம். காரணம் எனக்கு உடனே பிடிபட்டது. நாங்கள் ஆறு எண்ணி முடிந்ததும் ஒரு வெட்டு வெட்டி இழுப்போம். எதிராளிகள் எங்கள் எண்ணிக்கையைக் கேட்டே அந்த ஆறுக்காகக் காத்திருந்தார்கள். நான் வரிசை நெடுக ஓடி, "இனிமே யாரும் வாயத் தெறக்கக் கூடாது. மனசுக்குள்ளயே எண்ணுங்க," என்றேன்.

கடைசியிலிருந்து அவன் குரல் வந்தது. "மனசுக்குள்ள எண்ணுனா மூச்சு நின்னுரும் மாப்ள."

"ரண்டே இழுப்பு. கம்முனு புடி," என்றேன்.

ஜெயித்தோம். மூன்றாவது இழுப்பில் வடம் வெகுநேரம் நின்ற இடத்திலேயே நின்றது. பிடியை விடாமல் தலையை மட்டும் திருப்பி, அவன் முகம் கறுத்ததைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விசில் ஊதியதும் எல்லோரும் கிடாயைத் தூக்க ஓடினார்கள். அவன் வடத்தோடு அப்படியே பக்கவாட்டில் சரிந்தான். வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. கறிவிருந்து எதுவும் நடக்கவில்லை. அந்தக் கிடாயை யார் கொண்டுபோனார்கள் என்றுகூடத் தெரியாது.

அதற்குப் பிறகு, அவன் போகும் வரைக்கும் ஐந்து வருடம், சாயங்காலம் ஆனால் அவன் வீட்டுக்குப் போவேன். அவன் கற்றுக்கொடுத்ததையே அவனுக்குச் செய்தேன். செயலற்ற கையைச் சுவரில் வைத்து, என் கையால் தாங்கிக்கொண்டு, மெதுவாகத் தள்ளச் சொல்வேன். வாய்விட்டு எண்ணுவேன். பேச்சு திரும்பியபோது எண்கள்தான் முதலில் வந்தன. "ஒண்ணு, ரண்டு" என்று குழறலாக அவனும் சேர்ந்துகொண்ட நாளில் அவன் மனைவி ராமாத்தா அடுப்படியிலிருந்து ஓடி வந்து நின்றது நினைவிருக்கிறது. ஆறு முடிந்ததும் அவன் தன் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்ப்பான். களைப்பு, ஓய்வு கேட்கிறான் என்று நான் கொஞ்சம் பொறுப்பேன். பிறகு மறுபடி எண்ணத் தொடங்குவேன்.

ராமாத்தா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு அடிக்கடி ஒன்று சொல்லும்: "தலசுத்தல்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அனுப்பியே இருக்க மாட்டனுங்ணா. நாந்தான் கவனிக்காம உட்டுட்டேன்." அந்தப் பெண் தன்மேல் பழி போட்டுக்கொள்ளும்போதெல்லாம் நான் காப்பியைக் குடித்தேன். அவன் சொல்லாதே என்றானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

காரியம் முடிந்த மறுநாள் போனேன். அவன் சாய்ந்திருந்த கட்டிலை வெளியே எடுத்துக் கழுவி வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும், நான்தான் நிற்கச் சொன்னேன், நான்தான் எண்ணாதே என்றேன்.

ராமாத்தா அழவில்லை. "தெரியுமுங்ணா," என்றது. "பேச்சு வந்த வருசமே எங்கிட்ட எல்லாஞ் சொல்லீட்டாரு. 'அவனே வந்து சொல்லுவான், நீ கேக்காதே'ன்னாரு. நானும் எத்தனையோ தடவ ஒங்க காதுல உழுகற மாதிரி சொல்லிப் பாத்தனுங்க."

"எம்மேல கோவமா ராமாத்தா?"

"இல்லாம இருக்குமுங்களா? ஆனா அதில்லீங்ணா. அவரு இருக்கறப்பச் சொல்லியிருக்கலாம். தெனமும் நீங்க எந்திரிச்சுப் போன பொறகு, 'இன்னைக்கும் சொல்லல'ன்னுதான் படுப்பாரு."

அந்த வடம் எங்கள் அணியின் கிளப்பில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். புளியமரத்தில் வடம் அறுத்த தழும்பு இருக்கிறது, அது ஊருக்கு. எனக்கென்று அவன் விட்டுப்போனது என் மணிக்கட்டில் அந்த இடது கையின் பிடி. ஆறு முடிந்ததும் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்த்து, காத்திருப்பான். நான் கொஞ்சம் பொறுத்துவிட்டு, அவன் வலது கையை எடுத்துச் சுவரில் வைத்து, "ஒண்ணு" என்று மறுபடி ஆரம்பிப்பேன்.