பெயர் பட்டினச்சேரியில், ஆள் டவுனில்

போன வாரம் வசந்தா அக்காவின் பணி நிறைவு விழாவுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. பிரியாணி நன்றாகத்தான் இருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். "கடலோர மக்களுக்காகத் தன்னையே உருக்கிக்கொண்ட செவிலியர்" என்று மைக்கில் சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்களே, அதுதான் செரிக்கவில்லை. வசந்தா அக்காவின் காலில் கடல் மணல் ஒட்டி நான் பார்த்ததே இல்லை.

மண்டபத்தில் கை கழுவும் இடத்தில் பிளீச்சிங் பவுடர் வாடை. அது மூக்கில் ஏறினால் எனக்குக் கடலோரப் பட்டினச்சேரியின் துணை சுகாதார நிலையம்தான் நினைவுக்கு வரும். ஓர் அறையில் ஊசி மருந்து, இன்னோர் அறையில் கிராம நர்ஸாகிய நான். தடுப்பூசிகள் இருக்கும் நீலப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தால், "என்ன மீனு?" என்று பக்கத்தில் கேட்பார்கள். சிலர் மூடியையே திறக்கப் பார்ப்பார்கள். அப்போதே எனக்கு வாய் நீளம், சும்மா விட்டதில்லை.

எங்கள் துறையில் டெபுடேஷன் என்று ஒரு வழக்கம். சம்பளம் ஓர் ஊரில், வேலை இன்னோர் ஊரில். வசந்தா அக்காவின் பெயர் பட்டினச்சேரியில், ஆள் டவுன் ஆஸ்பத்திரியில் ஃபேனுக்குக் கீழே. என் பெயர் வடக்கே பூவத்தில், ஆள் அக்காவுக்குப் பதிலாகப் பட்டினச்சேரியில். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள்.

என் மகள் அப்போது சின்னக் குழந்தை. எங்கள் ஊரான தலத்தெருவில் என் கணவரும் நாத்தனாரும் வளர்த்தார்கள். பஸ்ஸில் போகிற தூரம்தான். ஆனால் பிரசவ வலி பஸ் நேரம் பார்த்து வராதே, நான் அங்கேயே தங்கியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனால் என் மகள் என்னைப் பார்த்து நாத்தனார் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள்.

கடலோரம் என்றாலே எல்லோரும் ஓடியதால் மேலிடத்தில் ஒரு சலுகை அறிவித்தார்கள். கடலோரத்தில் மூன்று வருஷம் இருந்தால் அடுத்து கேட்ட ஊர். எனக்கு வேறென்ன வேண்டும்? தலத்தெரு கிடைத்தால் மகளோடு இருக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மூன்று வருஷம் முடிந்ததும் தலத்தெருவை வசந்தா அக்காவுக்குக் கொடுத்தார்கள்.

அலுவலகத்துக்குப் போய்ச் சண்டை போட்டேன். "பட்டினச்சேரியில யாரு பேரும்மா இருக்கு? அவங்க பேருதானே. நீங்க பூவம்ல" என்றார் அதிகாரி, சிரிக்காமல்.

வெளியே வசந்தா அக்கா என் தோளைத் தொட்டார். "பேர எங்க வைக்கணும், ஆள எங்க வைக்கணும்னு தெரிஞ்சிக்கணும்டி. நீ இன்னும் பச்சப்புள்ளயாவே இருக்க." அந்தக் கையைத் தட்டிவிட்டேன். விழாவில் கை கொடுத்தபோதும் எனக்குத் தட்டிவிடத்தான் தோன்றியது.

பட்டினச்சேரிக்குத் திரும்பி வந்தால் வாசலில் அந்த ஊர்ப் பெண் செல்வராணி, நிறைமாத வயிறோடு. "ஒங்களுக்கு மாத்தலாயிடுச்சுன்னாங்களே?" இல்லை என்றேன். "நல்லதாப் போச்சு" என்று சிரித்தாள். அவள் மேல்கூட எனக்கு ஆத்திரம் வந்தது. அவளுக்குப் பிரசவம் பார்த்ததும் நான்தான், பெண் குழந்தை.

விழா முடிந்து என்னை ஸ்கூட்டரில் அழைத்துவந்தது மகள். அவளும் இப்போது நர்ஸ். முதல் வேலையே பட்டினச்சேரி என்று உத்தரவு வந்தபோது எனக்கு உள்ளுக்குள் பெருமை, இல்லையென்று சொல்ல மாட்டேன். "அந்த ரூம் ஜன்னல் இப்பவாவது தொறக்குதா?" என்று கேட்டேன்.

"நான் எங்கம்மா அங்க போனேன்? வசந்தா அத்தைகிட்ட சொல்லி, சேர்ந்த அன்னைக்கே டவுனுக்கு டெபுடேஷன் வாங்கிட்டேன். ஒன்கிட்ட சொன்னா திட்டுவ."

திட்டத்தான் வாயெடுத்தேன்.

"அங்க தங்குனா என்ன ஆவும்னு எனக்குத் தெரியாதாம்மா?" என்றாள், ரோட்டைப் பார்த்தபடி.

பட்டினச்சேரிக் கட்டடத்துக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்களாம். நர்ஸ் என்று பலகையில் என் மகள் பெயர் இருக்கிறது. அவளுக்குப் பதிலாக, அன்று என்னைப் போட்ட மாதிரி, யாரையும் போடவில்லையாம். செல்வராணியின் மகளுக்கு வலி எடுத்துக் கதவைத் தட்டினால், திறக்க உள்ளே ஆள் இல்லை.